வாவெல் குன்றும் அதன் கீழுள்ள நகரமும்: கிராக்கோவின் இடைக்கால வரலாற்றைப் படிக்கும் முறை

தெற்குப் போலந்தில் விஸ்துலா ஆற்றங்கரையில் அமைந்த கிராக்கோவின் அதிகாரப்பூர்வப் பெயரில் 'அரச தலைநகரம்' என்ற அடைமொழி இன்றும் இருக்கிறது. அரசவை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வார்சாவுக்குப் போய்விட்டது. அரசர்களும் இப்போது இல்லை. ஆயினும் அந்த அடைமொழியை நகரம் விடவில்லை. அதற்கு உரிமை கோரும் அளவுக்கு அங்கே என்ன நடந்தது என்பதை அறிய விரும்புகிறவருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நேரில் செல்கிறவருக்கும், வீட்டில் இருந்தபடி வரைபடத்தை விரித்துவைத்துப் படிக்கிறவருக்கும் இது ஒருசேரப் பயன்படும்.

வழக்கமாக எல்லோரும் அரசர்களின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். கிராக்கோவைப் பொறுத்தவரை அது நல்ல வழியன்று. பொலெஸ்லாவ் என்ற பெயரில் மட்டும் வரிசை எண் பெற்ற ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்களைத் தவிர, சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்த காலத்தில் அதே பெயருடைய இளவரசர்கள் வேறு. அந்த நெரிசலில் நகரம் காணாமற்போய்விடும். எனவே முதலில் இடத்தைப் படியுங்கள், அடுத்து ஆவணத்தைப் படியுங்கள், அரசர்களைக் கடைசியில் அவரவர் கல்லறையில் சந்தியுங்கள். குன்றின் மேல் கோட்டை, குன்றின் கீழ் நகரம் என்று இரண்டு அதிகாரங்கள் அங்கே ஐந்நூறு ஆண்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. இடைக்காலக் கிராக்கோவின் வரலாறு பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் இடையிலான உறவின் வரலாறுதான்.

முதலில் கழிக்க வேண்டியவை

வாவெல் கோட்டைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கவர்வது, தூண் வரிசைகளுடன் மூன்று அடுக்காக எழும் தாழ்வாரங்கள் சூழ்ந்த பெரிய முற்றம். அழகில் அதற்குக் குறைவில்லை. ஆனால் அது இடைக்காலத்தைச் சேர்ந்ததன்று. 1499இல் கோட்டையில் பெருந்தீ மூண்டது. அதன்பின் அலெக்சாந்தர், முதலாம் சிகிஸ்மண்ட் என்னும் சகோதர அரசர்கள் இருவரும் பிரான்செஸ்கோ ஃபியோரெந்தினோ, பர்த்தலோமியோ பெரெச்சி முதலிய இத்தாலியக் கலைஞர்களை அழைத்து, மறுமலர்ச்சிப் பாணியில் அரண்மனையை ஏறக்குறைய புதிதாகவே கட்டினார்கள். அண்டை நாடுகள் போலந்தைப் பங்கிட்டுக்கொண்ட பிறகு, 1796 முதல் 1905 வரை ஆஸ்திரியப் படையினர் அதைப் படைவீடாக வைத்திருந்து சிதைத்தார்கள். பின்னர் நடந்த புதுப்பித்தல் 20ஆம் நூற்றாண்டினுடையது. இவ்வளவையும் மனத்தில் கழித்துப் பார்த்த பிறகே இடைக்காலக் கோட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தொடங்கும்.

எஞ்சியிருப்பவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். அரண்மனையின் கிழக்கு மூலையில் 'கோழிக்கால்' என்று உள்ளூரார் வேடிக்கையாக அழைக்கும் சிறிய காவலகமும், அதை ஒட்டி டேனியக் கோபுரம் என்னும் கட்டடமும், பிற்கால இடைக்காலத்துக் கட்டடப் பாணியான கோதிக் கால அரண்மனையின் மிச்சங்கள். சாந்தோமியெஷ் கோபுரம், திருடர் கோபுரம், செனட்டர் கோபுரம் ஆகிய மூன்றும் 15ஆம் நூற்றாண்டின் தற்காப்புக் கட்டடங்கள். அரண்மனைச் சுவருக்குள் மறைந்து கிடந்த வட்டவடிவச் சிற்றாலயம் ஒன்றை, 1917இல் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் ஷிஷ்கோ-பொகுஷ் பழைய சமையற்கட்டுப் பகுதியில் கண்டுபிடித்தார். கன்னி மரியாளுக்கும், ஃபெலிக்ஸ், அதௌக்துஸ் என்னும் புனிதர்களுக்கும் உரிய அந்த ஆலயம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழமையானது. கிறித்தவம் போலந்துக்குள் நுழைந்த தொடக்கக் காலத்தைக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய இடம் அதுதான். பேராலயத்துக்கு எதிரே இன்று புல்வெளியாக விரிந்திருக்கும் திறந்தவெளியையும் சாதாரண முற்றமென்று கடந்துவிடாதீர்கள். புனித மிக்கேல், புனித ஜார்ஜ் ஆகியோரின் ஆலயங்களும் குருமார்களின் வீடுகளும் அங்கே நெருக்கமாக நின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியர் அவற்றை இடித்து அணிவகுப்புத் திடலாக்கினார்கள். அடித்தள வரிகள் மட்டும் இப்போது தரையில் தெரிகின்றன. இடைக்கால வாவெல், அரண்மனை ஒன்று மட்டும் தனித்து நின்ற குன்றாக இல்லாமல், மதிலுக்குள் அடங்கிய ஒரு குட்டி ஊராகவே இருந்தது என்பதை அந்த வரிகளைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

குன்றையும் ஒரு சான்றாகவே கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பாறையாலான அது, ஆற்றுமட்டத்திலிருந்து ஏறத்தாழ 25 மீட்டர் உயரந்தான் எழுகிறது. முற்காலத்தில் அதைச் சுற்றிலும் ஆற்றின் கிளைகளும் சதுப்பும் இருந்தமையால் அந்த உயரமே போதுமானதாயிற்று. குன்றின் அடிவாரத்தில் கனோனிச்சா வீதியின் 13ஆம் எண் வீட்டு நிலவறையில் 1979இல் கிடைத்த புதையல், எழுத்துச் சான்று இல்லாத காலத்தைப் பற்றிப் பேசுகிறது: கோடரி வடிவில் அடித்த 4,212 இரும்புத் துண்டுகள், மொத்தம் 3.6 டன்னுக்கும் மேல். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவை மரம் வெட்டுவதற்கு அல்ல, பணமாகப் பயன்படுத்துவதற்கே செய்யப்பட்டவை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். போலந்து என்ற நாடு உருவாவதற்கு முன்பே அவ்வளவு செல்வத்தைத் திரட்டிய ஓர் அதிகாரம் அங்கே இருந்திருக்கிறது. எழுத்தில் நகரத்தின் பெயர் வருவது அதற்குப் பிறகுதான். அந்தலூசியாவைச் சேர்ந்த யூதப் பயணி இப்ராகீம் இப்னு யாகூப் 965ஐ ஒட்டி எழுதிய குறிப்பில், கிராக்கோவ் வணிகர்கள் பிராகாவுக்கு வருவதைக் கூறுகிறார். அப்போது கிராக்கோவ் பொஹீமிய ஆட்சியாளரின் பிடியில் இருந்தது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், போலந்தின் முதல் கிறித்தவ ஆட்சியாளரான மியெஷ்கோவின் குடும்பம் அதைக் கைப்பற்றியது. 1000ஆம் ஆண்டில் அங்கே ஆயர்பீடம் நிறுவப்பட்டது.

கோணல் எங்கே என்று பாருங்கள்

இனிக் குன்றிலிருந்து இறங்கி, நகரத்தின் வரைபடத்தை விரியுங்கள். செயற்கைக்கோள் படமே போதும். நடுவில் பக்கத்துக்கு ஏறத்தாழ 200 மீட்டர் அளவுள்ள பெருஞ்சதுரம் ஒன்று தெரியும். அதுவே ரினெக் என்னும் முதன்மைச் சந்தைத் திடல். அதன் பக்கங்களிலிருந்து வீதிகள் நூல் பிடித்தாற்போல நேராகக் கிளம்பி, ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டுகின்றன. இவ்வாறு அளந்து பிரித்த நகரம் தானாக வளர்ந்திருக்க முடியாது. யாரோ ஒருநாள் கயிறும் முளையும் கொண்டு நிலத்தை அளந்திருக்கிறார்கள். அது 1257இல் நடந்தது.

இந்த நேர்த்தியை விடவும் அதற்குக் கட்டுப்படாத இடங்களே அதிகம் கற்றுத் தருகின்றன என்பது என் கருத்து. வரைபடத்தில் பென்சிலால் அவற்றை வட்டமிடுங்கள். திடலின் வடகிழக்கு மூலையில் நிற்கும் மரியாள் ஆலயம் திடலுக்கு இணையாக நிற்காமல் சாய்வாகத் திரும்பி நிற்கிறது. ஏனெனில் திடலை அளப்பதற்கு முன்பே, 1220களில் ஆயர் இவோ ஒத்ரொவோன்ஷ் கட்டிய ஆலயம் அங்கே இருந்தது. இன்றைய ஆலயம் அந்தப் பழைய அடித்தளத்தின் திசையையே பின்பற்றி எழுந்தது. திடலின் தெற்கு மூலையில் புனித அதால்பெர்ட்டின் சிற்றாலயம் தரைமட்டத்துக்குக் கீழே இறங்கிப் புதைந்ததுபோல் நிற்கிறது. ஆலயம் அமிழவில்லை, நூற்றாண்டுகளாகக் குப்பையும் கற்பாவலும் சேர்ந்து திடல்தான் உயர்ந்தது. கோதிக்குக்கு முந்தைய பாணியான ரோமனெஸ்க்கில் அமைந்த அதன் பழைய வாயிலைப் பார்க்கக் குனிந்து நோக்க வேண்டும். மூன்றாவது கோணல் எல்லாவற்றிலும் முக்கியமானது. திடலின் தென்கிழக்கு மூலையிலிருந்து புனல் போல விரிந்து வாவெலை நோக்கிச் செல்லும் குரோத்ஸ்கா வீதி எந்தச் செங்கோணத்துக்கும் அடங்குவதில்லை. கோட்டைக்கும் வடக்கு ஊர்களுக்கும் இடையிலான பழைய பாதை அது. அளவைக்காரர்களால் அதை நேராக்க முடியவில்லை. தங்கள் சதுரத்தை அதற்கு ஏற்றவாறு திறந்துவிட்டார்கள். அந்த வீதியில் நடந்தால் இரண்டு வெண்கற் கோபுரங்களையுடைய புனித ஆண்ட்ரூ ஆலயம் வரும். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அதன் கீழ்ச்சுவர்களில் சாளரங்கள் அம்புத்துளைகள் போலக் குறுகலாக இருக்கும். தொழுகைக்கு மட்டுமன்றிப் புகலிடமாகவும் அதைக் கட்டினார்கள். 1241இல் மங்கோலியர் வந்தபோது மக்கள் அதற்குள் அடைக்கலம் புகுந்து தப்பினார்கள் என்று மரபு கூறுகிறது.

நேராக இருப்பது 1257க்குப் பிந்தியது, கோணலாக இருப்பது அதற்கு முந்தியது என்னும் இந்த ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டே பழைய நகரத்தின் பாதியைப் படித்துவிடலாம். அதற்கு விலக்குகளும் உண்டு. ஆனால் தொடக்கநிலை மாணவருக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது.

சாசனத்தைப் படிக்கும்போது

1241 மார்ச்சில் மங்கோலியப் படை கிராக்கோவை எரித்தது. மக்கள் குறைந்த நாட்டில் புதிய குடியேறிகளை வரவழைக்க விரும்பிய ஐந்தாம் பொலெஸ்லாவ், தாய் கிஷிமிஸ்லாவாவுடனும் மனைவி கிங்காவுடனும் சேர்ந்து, 1257 ஜூன் 5 அன்று நகரத்துக்கு மக்தெபுர்க் சட்டத்தின்படி சாசனம் அளித்தார். ஜெர்மன் நகரமான மக்தெபுர்க்கில் உருவான அந்தச் சட்டத்தின் சாரம் என்னவென்றால், நகரம் தன் வழக்குகளைத் தானே தீர்த்துக்கொள்ளும். கோட்டையின் அதிகாரி அதில் தலையிட மாட்டார். சாசனம் மூன்று வூய்த்துகளை நியமித்தது. வூய்த் என்பவர் நகரத்தின் பரம்பரைத் தலைவர். குடியேறிகளைக் கூட்டிவந்து நிலத்தைப் பிரித்துக்கொடுக்கும் ஒப்பந்தக்காரரும் அவரே, நீதிபதியும் அவரே. அதற்குக் கூலியாக ஆறில் ஒரு மனை அவருக்கு வரியின்றிக் கிடைத்தது.

இத்தகைய சாசனங்களைப் படிக்கும்போது கொடுத்த உரிமைகளை மட்டும் எண்ணாமல், மறுத்த உரிமைகளையும் தேடுங்கள். இளவரசரின் பண்ணையாட்களையும், திருச்சபையின் ஆட்களையும், அதுவரை கிராமத்தில் வாழ்ந்த சுதந்திரமான போலந்துக்காரரையுங்கூட நகரக் குடிகளாகச் சேர்ப்பதில்லை என்று வூய்த்துகளிடம் உறுதி வாங்கப்பட்டது. இதை இனவெறுப்பு என்று இன்றைய கண்ணால் பார்ப்பது அவசரம். கிராமங்கள் ஆளின்றிப் போய்விட்டால் தானியமும் வரியும் வராது என்னும் நிலவுடைமையாளரின் அச்சமே அந்த விதிக்குக் காரணம். ஆனால் அதன் விளைவு வேறாயிற்று. சீலேசியாவிலிருந்தும் அதற்கு மேற்கிலிருந்தும் வந்த ஜெர்மன் மொழி பேசும் வணிகர்களே நகரத்தின் மேல்தட்டை நிரப்பினார்கள். குன்றின் மேல் ஒரு மொழியும் குன்றின் கீழ் வேறொரு மொழியும் வழங்கின.

நகரத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதைத் திடலுக்கு அடியிலேயே பார்க்கலாம். 2005 முதல் நடந்த அகழாய்வின் பயனாக 2010இல் திறக்கப்பட்ட நிலத்தடி அருங்காட்சியகம், திடலின் நடுவில் நிற்கும் பழைய சந்தைக் கட்டடமான ஜவுளி மண்டபத்துக்குக் கீழே, ஏறத்தாழ 4 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பழைய கற்பாவலும், கடைகளின் சுவர்களும், எடைக்கூடத்தின் அடித்தளமும், ஏறத்தாழ 700 கிலோ எடையுள்ள ஈயப்பாளம் ஒன்றும் அங்கே உள்ளன. ஒல்குஷ் சுரங்கத்தின் ஈயம், மலைகளுக்குத் தெற்கே ஹங்கேரியிலிருந்து வந்த செம்பு, வியெலிச்காவிலும் பொஹ்னியாவிலும் வெட்டியெடுத்த உப்பு, மேற்கிலிருந்து வந்த துணி ஆகிய எல்லாம் இந்தத் திடலில் நிறுக்கப்பட்டன. 1306இல் நகரம் பெற்ற சரக்கிறக்கு உரிமையின்படி, அவ்வழியே செல்லும் அயல் வணிகர் தம் சரக்கை இங்கே இறக்கி விற்பனைக்கு வைத்தே ஆக வேண்டும். மேலே ஒருமணி நேரம் அலைவதைவிட அந்த நிலவறையில் செலவிடும் ஒருமணி நேரம் அதிகம் சொல்லும்.

ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு சாட்சிகள்

கல்லைப் படித்த பிறகு ஏட்டைப் படிக்கும் பயிற்சிக்கு ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்துகொள்ளுங்கள். என் பரிந்துரை 1079. அந்த ஆண்டில் இரண்டாம் பொலெஸ்லாவ் கிராக்கோவின் ஆயர் ஸ்தனிஸ்லாவைக் கொல்வித்தார். அடுத்து அவரே நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய, பெயர் தெரியாத வரலாற்றாசிரியரான கால்லுஸ், ஆயரைத் துரோகி என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கிறார். அந்தத் துரோகி ஆயரையும் தாம் விடுவிக்கவில்லை, அவ்வளவு இழிவாகப் பழிதீர்த்த அரசரையும் பாராட்டவில்லை என்று இரண்டு பக்கமும் சாயாமல் நழுவிவிடுகிறார். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, கிராக்கோவின் ஆயராகவே இருந்த வின்சென்ட்டி கதுவூபெக் எழுதும்போது, ஸ்தனிஸ்லாவ் கொடுங்கோலனைக் கண்டித்ததற்காக உயிர்விட்ட தியாகியாகிவிடுகிறார். 1253இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. துண்டாக்கப்பட்ட அவரது உடல் அற்புதமாக ஒன்றுசேர்ந்தது போல, சிற்றரசுகளாகச் சிதறிய போலந்தும் ஒருநாள் ஒன்றுசேரும் என்று அக்காலத்தவர் நம்பினார்கள். இரண்டு ஆசிரியர்களில் யார் உண்மை சொன்னார் என்று தீர்ப்பளிக்க முயலாதீர்கள். எந்த ஆண்டில், எந்தப் பதவியில் இருந்துகொண்டு எழுதினார் என்று கேளுங்கள். ஆயர் எழுதிய நூலில் ஆயர் வெல்வது வியப்பன்று. எது உண்மையாயினும், பின்வந்த அரசர்கள் முடிசூடுவதற்கு முந்தைய நாள், அந்தக் கொலை நடந்ததாக மரபு கூறும் ஸ்காவ்கா ஆலயத்துக்குக் கழுவாய்ப் பயணமாகச் சென்றார்கள். கதுவூபெக்கின் பக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

கோட்டையும் நகரமும் மோதிய ஆண்டு

இந்த நகரத்தின் வரலாற்றில் ஒரே ஓர் ஆண்டைத்தான் ஆழமாகப் படிக்க முடியும் என்றால் 1311ஐப் படியுங்கள். அதன் பின்னணி இது. 1138இல் மூன்றாம் பொலெஸ்லாவ் இறந்ததும் நாடு மகன்களிடையே பிரிந்தது. மூத்தவருக்குக் கிராக்கோவ் என்று ஏற்பாடு செய்யப்பட்டதால், எல்லோரும் கிராக்கோவுக்காகவே அடித்துக்கொண்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொஹீமிய அரசர் இரண்டாம் வென்செஸ்லாஸ் நகரத்தைப் பிடித்தார். அவருடைய ஆட்சி வணிகர்களுக்கு வசதியாக இருந்தது. 1306இல் அவர் மகன் கொல்லப்பட்டதும், விளாதிஸ்லாவ் வொக்கியெத்தெக் கிராக்கோவுக்குள் நுழைந்தார். போலிஷ் மொழியில் 'வொக்கியெச்' என்றால் முழம். குள்ளமான அந்த இளவரசருக்கு 'முழ உயரத்தான்' என்று பெயர் விழுந்தது. படைக்குப் பணம் தேவைப்பட்ட அவரது வரிச்சுமை வணிகர்களை உறுத்தியது. 1311இல் வூய்த் ஆல்பர்ட்டின் தலைமையில் நகரம் கிளர்ந்தெழுந்து, ஒபோலே இளவரசர் பொல்கோவை உள்ளே அழைத்தது. ஆனால் வாவெல் கோட்டையின் காவற்படை வொக்கியெத்தெக்கைக் கைவிடவில்லை. மேலே கோட்டை ஒருவர் கையிலும் கீழே நகரம் மற்றொருவர் கையிலுமாக மாதங்கள் கழிந்தன. 1312 கோடையில் நகரம் பணிந்தது.

வென்றவர் தண்டித்த விதத்தைக் கவனியுங்கள். தலைவர்கள் சிலர் கொல்லப்பட்டார்கள். ஆல்பர்ட் தப்பி ஓடினார். பரம்பரை வூய்த் பதவி நகரத்தார் கையிலிருந்து போயிற்று. அதுவரை ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட நகரக் கணக்கேடு அந்த ஆண்டின் இறுதியிலிருந்து லத்தீனுக்கு மாறியது. பல வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு இதுவே அந்தக் கிளர்ச்சியின் மிக நுட்பமான சுவடாகப் படுகிறது. லத்தீன் ஆண்டுக்குறிப்பு ஒன்று இன்னொரு செய்தியையும் தருகிறது. நகரத்தாரை நிறுத்தி 'சொச்செவித்சா, கோவோ, மியெலே, ம்வின்' என்று சொல்லச் சொன்னார்களாம். மைசூர்ப் பருப்பு, சக்கரம், அரைக்கிறது, ஆலை என்பவை அச்சொற்களின் பொருள். ஜெர்மன் நாவில் அவை எளிதில் புரளாது. சரியாக உச்சரிக்காதவர் தலை போயிற்று என்கிறது குறிப்பு. அது அப்படியே நடந்ததா என்பது ஒருபுறமிருக்க, மொழி அரசியலாகிவிட்ட சூழலை அக்கதை காட்டிக்கொடுக்கிறது.

1320 ஜனவரி 20 அன்று வொக்கியெத்தெக் வாவெல் பேராலயத்தில் முடிசூடினார். அதற்கு முன் முடிசூட்டு விழாக்களுக்கு உரிய இடம் பழைய பேராயர் நகரமான க்னியெஸ்னோ. அன்றுமுதல் 18ஆம் நூற்றாண்டு வரை, ஒருசில விலக்குகள் நீங்கலாக, போலந்து அரசர்கள் வாவெலில்தான் முடிசூடினார்கள். அன்று பயன்பட்டதாகக் கருதப்படும் ஷ்செர்பியெட்ஸ் என்னும் வாளை வாவெல் கருவூலத்தில் காணலாம். இடைக்கால முடிசூட்டுப் பொருள்களில் எஞ்சியது அது ஒன்றே.

மகன் செய்த வேலை

தந்தை வாளால் செய்ததை மகன் மூன்றாம் காசிமிர் (1333–1370) சாசனத்தால் செய்தார். மரத்தாலான போலந்தைப் பெற்றுக் கல்லாலான போலந்தை விட்டுச் சென்றார் என்று அவரைப் பற்றிப் போலிஷ் மொழியில் ஒரு வழக்கு உண்டு. அவருடைய திட்டத்தைப் புரிந்துகொள்ள மீண்டும் வரைபடத்துக்கு வாருங்கள். 1335இல் கிராக்கோவின் தெற்கே, விஸ்துலாவின் இரு கிளைகளுக்கு இடையிலிருந்த தீவில், தன் பெயராலேயே காசிமியெஷ் என்னும் தனி நகரத்தை நிறுவினார். 1366இல் வடக்கு மதிலுக்கு வெளியே க்ளெபாஷ் நகர உரிமை பெற்றது. கிளர்ச்சி செய்த பணக்கார நகரம் இவ்வாறு இரண்டு அரச நகரங்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டது. இதில் வணிக நோக்கமும் இருந்தது. எனினும் தந்தை பட்ட பாட்டை மகன் மறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. காசிமியெஷைத் தீவாக்கிய ஆற்றுக்கிளை இன்று இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைத் தூர்த்துத் தியெத்லா என்னும் அகன்ற சாலையாக்கினார்கள். அந்தச் சாலையின் நடுவே மரங்கள் நிற்கும் அகலத்தைப் பார்த்தால் பழைய ஆற்றின் போக்கு விளங்கும்.

1356இல் காசிமிர் கோட்டையிலேயே ஓர் உயர்நீதிமன்றத்தை அமைத்தார். ஜெர்மன் சட்டப்படி நடக்கும் நகரங்கள் மேல்முறையீட்டுக்கு இனி மக்தெபுர்க்குக்குப் போக வேண்டியதில்லை. சட்டம் ஜெர்மனியினுடையதாகவே இருக்கலாம், தீர்ப்பு மட்டும் வாவெலில் கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கருவூல வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உப்புச் சுரங்கங்களிலிருந்து வந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அவற்றுக்கு 1368இல் ஒழுங்குவிதிகள் வகுத்தார். 1364 அவருடைய உச்சம். அந்த ஆண்டில் புதிய கோதிக் பேராலயம் அருட்பொழிவு பெற்றது. மே மாதத்தில் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. செப்டம்பரில் பேரரசர் நான்காம் சார்லஸ், ஹங்கேரியின் லூயி, டென்மார்க்கின் வால்டெமர், சைப்ரஸின் பீட்டர் ஆகியோர் கிராக்கோவில் கூடினார்கள். அவர்களுக்கு விருந்தளித்தவர் வியெஷினெக் என்னும் நகரத்து வணிகர் என்று 15ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யான் துவுகோஷின் நூலிலிருந்து அறிகிறோம். ஐம்பது ஆண்டுக்கு முன் அரசருக்கு எதிராகக் கதவடைத்த அதே வணிக வகுப்பு, அரசரின் விருந்தினர்களுக்கு இப்போது பந்தி விரித்தது.

கல்லறைகளின் வரிசை

இப்போது அரசர்களைச் சந்திக்கலாம். வாவெல் பேராலயத்தில் கூட்டத்தோடு சுற்றாமல், கால வரிசையில் நடந்து பாருங்கள். தொடக்கம் கீழே இருக்கிறது: புனித லியோனார்டின் நிலவறை, 12ஆம் நூற்றாண்டில் அருட்பொழிவு பெற்ற முந்தைய ரோமனெஸ்க் பேராலயத்தின் எச்சம். மேலே வந்தால் நடுவில் ஸ்தனிஸ்லாவின் கல்லறைப் பீடம். 1410இல் கிரன்வால்ட் போரில் தியூத்தானிய வீரத்துறவியரிடமிருந்து பறித்த கொடிகளை அதன் அருகில்தான் தொங்கவிட்டார்கள். அவை அழிந்துவிட்டன, யான் துவுகோஷ் 1448இல் ஓவியரைக் கொண்டு அவற்றை வரைந்து வைத்ததால் நமக்கு அவற்றின் உருவம் தெரியும். அடுத்து வொக்கியெத்தெக்கின் மணற்கல் கல்லறை. அதன்பின் மகன் காசிமிரின் செம்பளிங்குக் கல்லறை, விதானத்துடன். எளிய மணற்கல்லிலிருந்து செம்பளிங்குக்கு வந்த அந்த ஒரு தலைமுறை மாற்றத்தை நின்று பாருங்கள். 1869இல் பழுதுபார்க்கும்போது காசிமிரின் கல்லறை தற்செயலாகத் திறந்துகொள்ள, நாடு அற்றுக் கிடந்த போலந்து மக்கள் அவருக்கு இரண்டாம் முறை இறுதிச்சடங்கு நடத்தினார்கள்.

யாத்விகாவை விட்டுவிடாதீர்கள். 1384 அக்டோபர் 16 அன்று பத்து வயதளவில் முடிசூடிய அந்தப் பெண்ணை ஆவணங்கள் அரசி என்று கூறாமல் 'அரசர்' என்றே குறிக்கின்றன. ஆட்சியுரிமை அவரது சொந்த உரிமை, கணவர்வழி வந்ததன்று என்பதை நிலைநாட்ட அந்தச் சொல் தேவைப்பட்டது. 1386இல் லித்துவேனியாவின் யகைலோ பிப்ரவரியில் திருமுழுக்குப் பெற்று, அவரை மணந்து, மார்ச்சில் முடிசூடினார். 1399இல் இறந்த யாத்விகா தம் நகைகளைப் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச்சென்றார். அப்பணத்தால் 1400இல் அது புத்துயிர் பெற்றது. அவரது சவப்பெட்டியில் கிடைத்த செங்கோலும் உருண்டையும் பொன்முலாம் பூசிய மரத்தாலும் தோலாலும் ஆனவை. வரிசையின் முடிவில் நான்காம் காசிமிரின் கல்லறை நிற்கிறது. அதைச் செதுக்கிய ஃபைட் ஷ்டாஸ்தான் 1477 முதல் 1489 வரை உழைத்து மரியாள் ஆலயத்தின் பெரும் மரப்பீடத்தை உருவாக்கியவர். பீடத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் நகரத்தார், கல்லறை அரசருடையது; ஒரே கை இரண்டு அதிகாரங்களுக்கும் வேலை செய்தது.

கதைகளுக்கு வயது கேட்பது

வாவெல் பறவைநாகத்தின் கதையையும் மரியாள் கோபுர ஊதுகொம்பின் கதையையும் எல்லோரும் உங்களிடம் சொல்வார்கள். கதையை மறுக்க வேண்டாம். அது முதன்முதலில் எப்போது எழுத்தில் வந்தது என்று மட்டும் கேளுங்கள். கதுவூபெக்கின் நூலில் நாகத்தைக் கொல்பவர்கள் மன்னர் கிராக்கின் இரண்டு மகன்கள். கந்தகம் திணித்த விலங்குத் தோலை விழுங்கச் செய்து கொல்கிறார்கள், பிறகு ஒரு மகன் மற்றவனைக் கொல்கிறான். இன்று சொல்லப்படும் கதையில் நாகத்தைக் கொல்லும், அனைவருக்கும் பிடித்த அந்த ஏழைச் செருப்புத் தொழிலாளி கதைக்குள் வருவது 16ஆம் நூற்றாண்டில்தான். கோபுரத்துக் காவலரின் ஊதுகொம்பு பற்றிய குறிப்பு 1392இன் நகரக் கணக்கில் இருக்கிறது. ஆனால் மங்கோலிய அம்பு தொண்டையில் பாய்ந்ததால் இசை பாதியில் நிற்கிறது என்னும் விளக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் அச்சில் தோன்றியது.

மதிலுக்கு அதிக நேரம் வேண்டியதில்லை. 1285இல் அனுமதி பெற்றுத் தொடங்கி வளர்ந்த மதிலில் பெரும்பகுதியை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்து, பிளான்ட்டி என்னும் பூங்கா வளையமாக்கினார்கள். வடக்கே ஃபுளோரியன் வாயிலும் சில கோபுரங்களும், அவற்றுக்கு முன்னால் 1498–1499இல் கட்டிய வட்டவடிவப் பார்பிகன் அரணும் தப்பின. துருக்கியருக்கும் தாத்தாரியருக்கும் அஞ்சி அதைக் கட்டி முடித்த அதே 1499இல்தான் குன்றின் மேல் கோட்டை எரிந்தது.

நேரில் செல்கிறவர்கள் இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் காலையில் பார்பிகனில் தொடங்கித் திடலுக்கும், அதன் நிலவறைக்கும், அங்கிருந்து குரோத்ஸ்கா வழியே புனித ஆண்ட்ரூ ஆலயத்துக்கும் வந்து, கனோனிச்சாவில் முடியுங்கள். மாலையில் காசிமியெஷ். இரண்டாம் நாள் முழுவதையும் வாவெலுக்கு வையுங்கள். அங்கே பேராலயமும் கோட்டை அருங்காட்சியகமும் தனித்தனி நிர்வாகங்களைச் சேர்ந்தவை. நுழைவுச்சீட்டும் தனித்தனியே வாங்க வேண்டும். கோட்டையிலும் ஒவ்வொரு காட்சிக்கூடத்துக்கும் தனிச்சீட்டு உண்டு; நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. ஆகவே வட்டவடிவச் சிற்றாலயத்தின் எச்சங்களைக் காட்டும் கூடத்துக்கும் கருவூலத்துக்கும் முதலில் சீட்டு எடுத்துவிட்டு, மறுமலர்ச்சி அரண்மனையின் அறைகளை நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளுங்கள். குன்றின் அடியிலுள்ள, நாகம் வாழ்ந்ததாகக் கதை கூறும் குகை குளிர்காலத்தில் மூடியிருக்கும்.